விதான சௌதாவும் ஒரு வீட்டு எஸ்டிமேட்டும்

விதான சௌதா முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாத பெங்களூர்த் தமிழ்க் குடும்பம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் காலையில் லால்பாக், சாயங்காலம் விதான சௌதா. அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால் விளக்கு அலங்காரம் வேறு. அப்படிக் கூட்டிப்போன ஒரு தடவை என் மாமனார் கட்டடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு ஆச்சாம் மாப்ளே?" என்று கேட்டார். ரிட்டயர்டு வாத்தியார், அப்போது ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் கேள்வி அவருக்கு. எனக்கோ ஹவுசிங் லோன் பைல் பார்த்துப் பார்த்து, எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் "முதல் எஸ்டிமேட் என்ன, கடைசி பில் என்ன" என்றுதான் புத்தி போகும். விதான சௌதாவின் கதையில் இரண்டும் இருக்கிறது.

இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு மைசூர் சமஸ்தானத்தின் முதல் முதலமைச்சர் ஆனவர் கே.சி. ரெட்டி. அப்போது சட்டசபை, செகரட்டேரியட் எல்லாம் இன்றைக்கு ஹைகோர்ட்டாக இருக்கிற சிவப்புக் கட்டடமான அட்டாரா கச்சேரியில்தான். 1868-ல் முடிந்த கட்டடம். பதினெட்டுத் துறைகளுக்காகக் கட்டியதால் "அட்டாரா" என்று பெயர். அந்தப் பதினெட்டும் பெருகி, இடம் போதவில்லை. சட்டசபைக்குத் தனியாக ஒரு கட்டடம் வேண்டும் என்று முடிவாகி, 1951 ஜூலை 13-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அலங்காரம் அதிகம் இல்லாத, எளிமையான நவீனக் கட்டடம்தான் திட்டம். மதிப்பீடு 33 லட்சம் ரூபாய் என்றுதான் பல இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள்.

1952-ல் முதல் பொதுத்தேர்தல் முடிந்து கெங்கல் ஹனுமந்தய்யா முதலமைச்சர் ஆனார். வக்கீல், கிராமத்துக்காரர், பிடிவாதக்காரர். பெங்களூருக்கு வந்த ஒரு ரஷ்யக் கலாசாரக் குழு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஐரோப்பியக் கட்டடங்களாக இருக்கிறதே, உங்களுக்கென்று சொந்தமாகக் கட்டடக்கலை இல்லையா என்று கேட்டதாகவும், அது தன்னை உறுத்தியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அடிக்கல் போட்ட இடம் அப்படியே இருக்க, ப்ளான் அடியோடு மாறியது. திராவிடக் கோயில் பாணியில் கருங்கல் கட்டடம். சட்டசபையோடு செகரட்டேரியட்டும் அதற்குள்ளேயே. நூலகம், விருந்து மண்டபம், மேலே 60 அடி விட்டத்தில் ஒரு குவிமாடம், முன்பக்கம் 45 படிகள், நாற்பதடி உயரக் கல்தூண்கள், மந்திரிசபை அறைக்குச் சந்தனமரக் கதவு... 33 லட்சம் எங்கே, இது எங்கே!

இதையெல்லாம் வரைந்து கட்டிக்கொடுத்தவர் பி.ஆர். மாணிக்கம். பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்களே :-) மைசூர் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர். கட்டடக் கலைஞரும் அவரே, மேற்பார்வையும் அவரே. போட்டோ எடுக்கிற நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ஹனுமந்தய்யாவுக்கு வளாகத்திலேயே சிலை இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்றைக்கு நாம் ஆர்க்கிடெக்ட் வைத்தால் பெரும்பாலும் கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் ஃபீஸ். செலவு ஏறினால் அவர் ஃபீஸும் ஏறும். அதனால் எஸ்டிமேட் தாண்டினாலே "ஆர்க்கிடெக்ட் ஏத்திவிட்டுட்டார் சார்" என்று கவுன்ட்டரில் வந்து சொல்கிறவர்கள் உண்டு. மாணிக்கமோ சம்பளம் வாங்கிய அரசு அதிகாரி. செலவு ஒரு கோடி ஏறினாலும் அவர் சட்டைப் பைக்குள் ஒரு ரூபாய் கூடுதலாக வராது. ஆனாலும் செலவு ஏறியது. காரணம், கட்டடத்தின் சொந்தக்காரர் மனசு மாறியது. நான் பார்த்த பைல்களில் முக்கால்வாசியும் இதே கதைதான். தரைத்தளம் மட்டும் என்று ஆரம்பிப்பார்கள். கூரை போடுகிற நேரத்தில் "மேலே ஒரு ரூம் போட்டா வாடகைக்கு விடலாமே" என்று அம்மா சொல்வார், "பூஜை ரூமுக்குத் தேக்குக் கதவு" என்று அத்தை சொல்வார். சந்தனக் கதவுக்கும் தேக்குக் கதவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வேலை எப்படி நடந்தது என்பதும் சொல்ல வேண்டிய கதை. சுமார் 5000 கூலியாட்கள், அவர்களில் பெரும்பாலோர் சிறைக் கைதிகள். கல் தச்சர், கொத்தனார், மரச்சிற்பிகள் என்று தேர்ந்த கைகள் சுமார் 1500. கல் பெரும்பாலும் பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைகளிலிருந்தே வந்தது. கைதிகள் உழைத்ததால் கூலிச் செலவு எவ்வளவோ மிச்சம். அதை யாருடைய கணக்கில் எழுதுவது? வரவு செலவுப் புத்தகத்தில் அந்தப் பத்திக்கு இடம் கிடையாது. அந்தப் பூவேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 5000 பேர் ஞாபகம் வரும்.

1956-ல் கட்டடம் முடிந்தபோது செலவு ஒரு கோடியே எழுபது, எண்பது லட்சத்தை எட்டியிருந்தது. 1.75 கோடி என்று ஒரு கணக்கு, 1.84 கோடி என்று இன்னொரு கணக்கு. பின்னதை எடுத்துக்கொண்டால் முதல் மதிப்பீட்டைப் போல ஐந்தரை மடங்கு. எதிரிகள் சும்மா இருப்பார்களா? சொந்தக் கட்சிக்குள்ளேயே சண்டை. ஊதாரித்தனம் என்று குற்றச்சாட்டு, செலவைப் பற்றி விசாரணைக் குழு. கட்சிக்குள் ஆதரவு போய், 1956 ஆகஸ்ட்டில் ஹனுமந்தய்யா ராஜினாமா செய்தார். ஆசை ஆசையாகக் கட்டிய கட்டடத்தில் முதலமைச்சராக உட்கார அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. வீடு கட்டி முடிக்கிற நேரத்தில் டிரான்ஸ்பர் ஆகிற எங்கள் பேங்க் ஆட்களுக்கு இது புரியும்.

காலக்கணக்கில் மட்டும் குறை சொல்ல முடியாது. ப்ளான் மாறிய பிறகு நாலு வருஷத்துக்குள், கிரேன் வசதியெல்லாம் பெரிதாக இல்லாத நாளில், ஐந்து லட்சம் சதுர அடிக்கு மேல் கல் கட்டடம். வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 37 ரூபாய்க்கும் குறைவு. அஸ்திவாரம் போட்டு அதன்மேல் கட்டிக்கொண்டே போகாமல், ஆரம்பக் கட்டத்திலேயே ப்ளானை மாற்றியதுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

அப்படிச் செய்யாததற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் சிட்னி ஓபரா ஹவுஸ். 1957-ல் டென்மார்க்கின் யோர்ன் உட்சானின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963 ஜனவரியில் திறப்பு. அரசியல் அவசரத்தில், கூரையை எப்படி நிறுத்துவது என்பதற்கு வரைபடம் தயாராவதற்கு முன்பே 1959-ல் வேலையை ஆரம்பித்தார்கள். பிறகு, போட்ட தூண்கள் கூரையின் கனத்தைத் தாங்காது என்று தெரிந்து அவற்றைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. 1966-ல் உட்சான் விலகிப் போனார். 1973-ல் திறந்தபோது செலவு 10.2 கோடி டாலர். பதினாலு மடங்குக்கும் மேல்!

நம் சென்னைக் கதையும் உங்களுக்குத் தெரியும். ஓமந்தூரார் தோட்டத்தில் ஜெர்மன் நிறுவனத்தின் வடிவமைப்பில் புதுச் சட்டசபை வளாகம். 2010 மார்ச்சில் திறப்பு விழாவுக்குக் குவிமாடம் தயாராகாததால், தோட்டா தரணியை வைத்து சினிமா செட் போட்டார்கள். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, 2014-ல் அது பல்நோக்கு மருத்துவமனை ஆனது. யார் சரி, யார் தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை (பின்னூட்டத்தில் அடிதடி வேண்டாம்!). தேதியை முதலில் குறித்துவிட்டுக் கட்டடத்தை அதற்குள் அடைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொன்னேன். கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டு, டைல்ஸ் ஒட்டாத தரையில் ஹோமம் வளர்த்த வீடுகள் எனக்கே நாலைந்து தெரியும்.

இனி, கடல் கடந்தும் மாநிலம் கடந்தும் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. 1972-ல் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் வந்தபிறகு, பதிவு செய்தவர்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஃபீஸை, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி பிரித்துக் கொடுங்கள். கட்டுவதற்கான முழு வரைபடங்கள் கைக்கு வராமல் வானம் தோண்டவிடாதீர்கள். அதற்குப் போகிற மூன்று நான்கு மாதத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். பேங்க் சாங்ஷன் பண்ணுவது எஸ்டிமேட்டை வைத்து. நடுவில் மாடி முளைத்தால், மறு எஸ்டிமேட், மறு சாங்ஷன் என்று அலைய வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பணம் உங்கள் கையிலிருந்துதான் வர வேண்டும். பெரும்பாலும் அது பிராவிடண்ட் பண்டாகவோ, பெண் கல்யாணத்துக்கு வைத்த டெபாசிட்டாகவோ இருக்கிறது.

ஹனுமந்தய்யாவின் கணக்குக்குத் திரும்புவோம். அவர் விலகிய சில வாரங்களில், 1956 நவம்பர் 1-ல், மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. பம்பாய், ஹைதராபாத், குடகு, மதராஸ் பகுதிகள் சேர்ந்து மைசூர் மாநிலம் பெரிதானது. "இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு" என்று கேட்டவர்களின் பேச்சு அத்தோடு அடங்கியது. பின்னால் அதுவும் போதாமல், பக்கத்திலேயே அதே சாயலில் விகாச சௌதாவைக் கட்டி 2005-ல் திறந்தார்கள். இதை வைத்து ஹனுமந்தய்யா தீர்க்கதரிசி என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கட்டடம் பிற்பாடு உபயோகப்பட்டது வேறு, செலவு செய்த நாளில் கணக்கு கேட்டது வேறு. 1956-ல் கேட்டவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் 33 லட்சக் கட்டடத்தையே கட்டியிருந்தால், மாமனாரை நான் வேறு எங்கேயாவதுதான் கூட்டிப்போயிருப்பேன்.