பாதுகாப்புக் கருவிகளுக்கான கள ஆய்வுச் செயலிகள்: புதுச்சேரி நகரம்

கண்காணிப்புக் கேமரா, கதவுக் கட்டுப்பாடு, திருட்டு எச்சரிக்கை மணி ஆகியவற்றை ஒரு கட்டடத்தில் பொருத்துமுன், எது எங்கே வரும், கேபிள் எந்த வழியாகப் போகும், என்ன செலவாகும் என்பதை அந்த இடத்திலேயே நின்று கைப்பேசியிலோ டேப்லட்டிலோ குறித்துக்கொள்ள உதவும் மென்பொருளே கள ஆய்வுச் செயலி. தொழிலில் இந்த வேலைக்கு ‘சைட் சர்வே’ என்று பெயர். கேமரா பொருத்திய பிறகு படம் பார்க்க உதவும் ஹிக்-கனெக்ட், ஜிசிமாப் போன்ற செயலிகள் வேறு. கடைகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

புதுச்சேரியில் இந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பதைத் தனியாகப் பேச வேண்டியிருப்பதற்குக் காரணம் ஊரின் கட்டடங்கள். பெரும்பாலான செயலிகள், சதுரமான அறைகளும் தொங்கு கூரையும் உள்ள அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

ஊரும் வரைபடமும்

1693-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் அடுத்த ஆண்டே கட்டம் கட்டமாகத் தெருக்களுக்குத் திட்டம் வரைந்தார்கள். 1699-இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய பிறகும் அதே கட்டங்களின் மேல்தான் மீண்டும் எழுந்தது. ஆகவே செயற்கைக்கோள் படத்தில் இந்த ஊரின் தெருவைக் கண்டுபிடிப்பது எளிது. வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஊரைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில், உயர்ந்த மதிலும் வாயிற்கதவும் உள்ளே தோட்டமும் இருப்பதால், படத்தின் மேலேயே கேமராவைக் குறித்து ஓரளவு வேலையை முடிக்கலாம். மேற்கே தமிழர் பகுதியில் வீடுகள் பொதுச்சுவரால் ஒட்டிக் கிடக்கின்றன. மேலிருந்து பார்த்தால் ஒரு மொட்டைமாடி எங்கே முடிகிறது, பக்கத்து வீட்டு மாடி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

பழைய வீடுகள் பலவற்றுக்குக் கட்டட வரைபடம் கிடையாது. பத்திரத்தில் கதாஸ்தர் (நில அளவைப் பதிவு) எண்ணும், குழி, வீசம் என்று பரப்பும்தான் இருக்கும். அதை வைத்து எந்தச் செயலியும் சுவர் எழுப்பாது. எனவே செயலியைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, வரைபடமே இல்லாத இடத்தில் அது எப்படி வேலை செய்யும் என்பதுதான்.

இதற்கு இப்போது பரவலாகப் பேசப்படும் வழி, ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் உணரி. ஆப்பிள் 2020-இல் ஐபேட் ப்ரோவிலும் ஐபோன் 12 ப்ரோவிலும் இந்த உணரியை வைத்தது. 2022-இல் ‘ரூம்பிளான்’ என்ற நிரல் தொகுப்பையும் வெளியிட்டது. மான்ட்ரியலில் பிறந்த மேஜிக்பிளான் போன்ற செயலிகள் இந்த வழியில் அறையைச் சுற்றி நடந்தாலே தரைப்படம் தந்துவிடுகின்றன. புதிய அடுக்குமாடி வீட்டில் இது உண்மையிலேயே சுகம். ஆனால் ரூம்பிளானுக்கு ஆப்பிளே சொல்லும் வரம்புகளைப் படித்தால் தமிழர் வீட்டை விவரித்தது போலிருக்கும்: அறை சுமார் 9 மீட்டருக்கு 9 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வெளிச்சம் 50 லக்ஸுக்குக் குறையக் கூடாது, முழு உயரக் கண்ணாடியும் கரிய பரப்பும் உயர்ந்த கூரையும் சிக்கல் தரும். உணரியின் எட்டும் தூரம் ஏறக்குறைய 5 மீட்டர். முற்றத்திலோ மேலே கூரையே இல்லை. சுற்றிலும் தாழ்வாரத் தூண்கள், பட்டப்பகலிலும் அரையிருட்டான பின்கட்டு, கருத்த தேக்குக் கதவு. ஸ்கேன் முடிந்து பார்த்தால் முற்றம் ஒரு மூடிய கூடமாக வரக்கூடும், இரண்டு தூணுக்கு நடுவே இல்லாத சுவர் ஒன்று முளைக்கக்கூடும்.

இந்த ஊருக்குப் பொருந்துவது பழைய முறைதான்: புளூடூத் உள்ள லேசர் அளவுகோலால் அளந்து, செயலியில் கையால் கோடு போடுவது. நேரம் கொஞ்சம் கூடும். அளவு நம்பகமாக இருக்கும். அந்த அளவுகோலை ஏற்காத செயலியை மற்ற வசதிகளுக்காக வாங்குவதில் பொருளில்லை. அடியும் மீட்டரும் ஒரே தட்டலில் மாற வேண்டும். ஆசாரியும் கொத்தனாரும் அடியில் பேசுகிறார்கள். கேபிள் பெட்டி 305 மீட்டரில் வருகிறது.

கேமராவின் கண் எட்டும் தூரம்

செயலியில் கேமராவை வைத்ததும் வண்ண விசிறி ஒன்று விரியும். வாடிக்கையாளருக்கு அது பிடிக்கும். விசிறிக்குள் இருப்பதெல்லாம் தெரியும் என்று அவர் நினைத்துக்கொள்வதில்தான் வம்பு. 2014-இல் வெளியான ஐஇசி 62676-4 தரக்குறிப்பின்படி, அறியாத ஆளின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125, ஆள் நடமாட்டத்தைக் கண்டறிய மட்டும் 25 போதும்.

நான்கு மெகாபிக்சல் கேமராவின் கிடைமட்டப் பிக்சல்கள் 2,560. அதை 250-ஆல் வகுத்தால் 10.24 மீட்டர் அகலம். சந்தையில் அதிகம் விற்கும் 2.8 மி.மீ. லென்ஸ் சுமார் 100 பாகை விரிவதால், அந்த அகலம் கேமராவிலிருந்து 4.3 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. அதாவது திண்ணைக்கு மேல் வைத்த கேமரா, படியேறி வருபவரை அடையாளம் காட்டும். எதிர்வாடையில் வண்டியை நிறுத்தியவரைக் காட்டாது. 6 மி.மீ. லென்ஸ் போட்டால் தூரம் 10 மீட்டர் வரை நீளும், பார்வைக் கோணம் சுருங்கும். இந்தக் கணக்கை விசிறிக்குள்ளேயே நிறம் பிரித்துக் காட்டுகிற செயலிதான் வேண்டும். தூண்களையும் சேர்த்து வரைய முடியாவிட்டால் முற்றத்தில் அந்த விசிறியை நம்ப முடியாது.

கடற்கரைச் சாலையை நோக்கி ஓடும் தெருக்கள் ஏறத்தாழ கிழக்கு மேற்காக அமைந்தவை. தெருவின் நீளத்துக்குக் கேமராவைத் திருப்பினால் காலையிலோ மாலையிலோ சூரியன் நேராக லென்ஸில் விழும். திசைகாட்டியும் சூரியப் பாதையும் உள்ள செயலி இதை முன்கூட்டியே காட்டிவிடும்.

கேபிளும் சுவரும்

செயலி சொல்லும் கேபிள் நீளம் பெரும்பாலும் தரைப்படத்தில் போட்ட கோட்டின் நீளம். முன்வாசலிலிருந்து பின்கட்டு அறைக்கு வரைபடத்தில் 14 மீட்டர் என்றால், நிஜத்தில் கேபிள் உத்தரம் வரை ஏறி, முற்றத்தின் மூன்று பக்கம் சுற்றி, மறுபடி இறங்கி 30 மீட்டரைத் தொடும். செம்புக் கேபிளுக்கு மொத்த எல்லை 100 மீட்டர். மூன்று கட்டு வீட்டில் இந்த எல்லை கற்பனையல்ல. ஏற்ற இறக்கத்தைத் தனியாகச் சேர்க்க இடம் தராத செயலியின் கோட்டேஷன் நிச்சயம் கையைக் கடிக்கும்.

சுவர் இன்னொரு பிரச்சினை. சுண்ணாம்புப் பூச்சும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் கொண்ட வீட்டில் சுவரைக் கொத்திக் குழாய் பதிப்பது கூடாது. மேலோட்டமாக கேசிங் கேப்பிங் ஒட்டினால் பார்க்கச் சகிக்காது. வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பின் முயற்சியில் புதுப்பிக்கப்பட்ட முகப்புகளுக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. அப்படிப்பட்ட முகப்பில் எங்கே துளையிடலாம் என்பதைவிட எங்கே கூடாது என்பதைக் குறிப்பதே ஆய்வாளரின் முதல் வேலை. 1870-களைச் சேர்ந்த, மேரி எனப்பட்ட நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. பழைய சுவருக்குள் தண்ணீர் இறங்க வழி விடுவதை வீட்டுக்காரர் இங்கே லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு புள்ளியிலும் படம் எடுத்து, படத்தின் மேலேயே அம்புக்குறி போட்டு, ‘இந்த வளைவைத் தொடாதே’ என்று தமிழில் எழுதி வைக்கும் வசதி மற்ற எதையும்விடப் பெரிது. மறுநாள் துளையிட வரும் டெக்னீஷியன் வேறொருவராக இருப்பார்.

கடல் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றுக்குத் தாங்கும் உறை வேண்டும் என்பதைக் குறிக்கச் செயலியில் ஓர் இடம் தேவை. ரெயின்போ நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் ரெக்கார்டர் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் என்பதற்கு இன்னோர் இடம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய பிறகு இது கட்டாயக் கேள்வியாகிவிட்டது.

கிடைப்பவை

டெக்சாஸின் சிஸ்டம் சர்வேயர் இத்துறைக்கென்றே டேப்லட்டில் கையாள எழுதப்பட்டது. கேமரா, கதவு, சுவிட்ச் என ஒவ்வொன்றுக்கும் படமும் குறிப்பும் சேர்த்து அறிக்கையாக்கும். கேமரா நிறுவனமான ஆக்சிஸின் சைட் டிசைனர் இலவசம், உலாவியில் ஓடும். ஆனால் ஆக்சிஸ் கருவிகளை வைத்தே திட்டமிடும். ஜேவிஎஸ்ஜி நிறுவனத்தின் வடிவமைப்புக் கருவி கணக்கில் கெட்டி, ஆனால் விண்டோஸ் கணினிக்கானது. இரண்டு மூன்று பேர் நடத்தும் புதுச்சேரிக் கடைக்கு டாலரில் மாதச் சந்தா கட்டுவது கட்டுப்படியாகுமா என்பதை மாதத்துக்கு எத்தனை சர்வே என்பதே முடிவு செய்யும். பத்துக்குள் என்றால் லேசர் அளவுகோல், கைப்பேசிப் படம், இலவசக் கணிப்பான் மூன்றுமே போதும்.

கருவிப் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. 2025 ஏப்ரல் 9 முதல், இந்தியப் பாதுகாப்புச் சோதனையில் தேறி பிஐஎஸ் பதிவு பெறாத சிசிடிவி கேமராவை இங்கே விற்க முடியாது. வெளிநாட்டுச் செயலியின் பட்டியலில் அந்த வடிகட்டி இராது.

சேமிப்புக் கணக்கும் செயலியில் இருக்க வேண்டும். 4 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு கேமரா நாளுக்கு 43 ஜிபி எழுதும். எட்டுக் கேமராவுக்கு 30 நாள் என்றால் 10 டிபிக்கு மேல். காவல் நிலையங்களில் கேமரா வைக்க 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை 18 மாதப் பதிவு, அது இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு என்கிறது. ஓராண்டுக்கே ஒரு கேமராவுக்குச் சுமார் 16 டிபி. நுழைவாயில், வெளிவாயில், லாக்கப், நடைவழி என்று இடங்களையும் அந்த ஆணையே பெயர் சொல்லிக் குறிப்பதால், அரசு வேலைக்குப் போகிறவர் செயலியில் அந்தப் பட்டியலை முன்கூட்டியே வார்ப்புருவாக ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

கோப்பு யாரிடம்

எந்தக் கேமரா எங்கே பார்க்கிறது, எங்கே பார்க்கவில்லை, ரெக்கார்டர் எந்த அறையில் என்பதெல்லாம் சேர்ந்த சர்வே கோப்பு திருடனுக்குக் கிடைத்தால் அவனுக்கு வேறெதுவும் வேண்டாம். புதுச்சேரியில் வீட்டுச் சொந்தக்காரர் பிரான்சிலும் சாவி காவலாளியிடமும் இருப்பது சாதாரணம். பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் பாரிஸுக்குப் போய், அங்கிருந்து உறவினர் குழுவுக்கும் போய்விடுகிறது. காலாவதியாகும் இணைப்பாகப் பகிர்வது, பயனருக்குப் பயனர் அனுமதியைப் பிரிப்பது, வேலையை விட்டுப்போன டெக்னீஷியனின் கணக்கை அன்றே பூட்டுவது ஆகிய மூன்றும் உள்ள செயலியை இத்தகைய வீடுகளுக்குக் கேட்டு வாங்க வேண்டும். சந்தா நின்ற பிறகும் பழைய கோப்புகளை பிடிஎஃப் ஆகவும் எக்செல் ஆகவும் இறக்கிக்கொள்ள முடியுமா என்பதை வாங்குமுன் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்தாண்டு கழித்துக் கேமராவை மாற்ற வருபவருக்குச் சுவருக்குள் போன கேபிளின் தடம் அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கும்.