படிப்படியாகக் குறைந்த எல்லை

வாகனம் ஓட்டுவோரின் இரத்தத்தில் ஆயிரத்தில் 0.8 பங்குக்கு மேல் மது இருப்பது குற்றம் என 1941-ஆம் ஆண்டில் சுவீடன் சட்டமியற்றியது. அவ்வெல்லை 1957-இல் 0.5 ஆகவும், 1990-இல் 0.2 ஆகவும் குறைக்கப்பட்டது. பிரிட்டன் 1967-இல் 100 மில்லிலிட்டர் இரத்தத்திற்கு 80 மில்லிகிராம் என வகுத்தது. ஸ்காட்லாந்து 2014-இல் அதனை 50 ஆக்கியது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? "இன்னும் எல்லையைத் தாண்டவில்லை" எனக் கணிக்க வேண்டிய அறிவையே மது முதலில் மயக்குகிறது. மதுவைப் படிப்படியாக விலக்கி, இறுதியில் சிறிதளவையும் தடுத்த மார்க்கத்தினராகிய நமக்கு இது புதிதன்று. ஆயினும் சாலையில் மடிவோருள் ஒருதுளியும் அருந்தாதவரும் உளர். ஆதலின் எல்லை இன்னும் இறுகுதல் வேண்டும். உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்றன்றோ!