கிழங்கோடு போகும் மண்

ஓசூர் வட்டார வரலாற்றைச் சிப்காட் தொழிற்பேட்டைக்கு முன், பின் எனப் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. 1970களில் பேட்டை வந்தது; விளைநிலங்கள் கைமாறின. அவ்விழப்பு யாவரும் அறிந்தது. ஈண்டுக் கருதப்படுவது எளிதில் கண்ணில் படாத வேறோர் இழப்பாகும். தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பெங்களூருச் சந்தைக்குச் செல்லும் உருளைக்கிழங்கு, பீட்ரூட், முள்ளங்கி மூட்டைகளில் நம் செம்மண்ணும் சேர்ந்தே எல்லை கடக்கிறது. (பதிலுக்கு அந்நகரின் கழிவு தென்பெண்ணை வழியே கெலவரப்பள்ளி அணைக்கு நுரையாக வந்து சேர்வது தனிக்கதை.)

மழையும் காற்றும் மண்ணை அரிப்பது பழைய செய்தி. அறுவடையே மண்ணைக் கொண்டுபோகிறது என்பதை ஆராய்ந்து அளந்தவர்களுள் பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தார் முன்னோடிகள். உகாண்டாவில் செய்த ஆய்வொன்றில், மரவள்ளி அறுவடையால் எக்டேருக்கு ஏறத்தாழ 3.4 டன் மண் வெளியேறுவது தெரிந்தது. சர்க்கரைவள்ளியில் அது மிகக் குறைவு. ஒரு எக்டேரில் 1 மில்லிமீட்டர் மேல்மண் என்பது சுமார் 13 டன். ஒரு போகத்தில் கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் போவது உரமேறிய மேல்மண். ஈரத்தில் தோண்டினால் ஒட்டும் மண் இன்னும் மிகும்; நம் பகுதியில் ஆடியில் நட்ட கிழங்கைத் தோண்டும் காலமோ மழைக்காலம்.

மண் மட்டும் போனாலும் பொறுக்கலாம். நீலகிரி வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் அம்மலையில் உருளைக்கிழங்கு வேரூன்றியது. 1961இல் உதகைப் பகுதி வயல்களில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. ஒரு மில்லிமீட்டரினும் சிறிய அக்கூட்டினுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். கிழங்கின்மேல் ஒட்டிய மண்ணே அதற்கு வாகனம். ஆகவே 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியிடங்களுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. பின்னர்க் கொடைக்கானல் மலையிலும் அப்புழு காணப்பட்டது. ஒரு சிட்டிகை மண் ஒரு மலையின் விதை வணிகத்தையே முடக்கியது.

நம் இல்லங்களில் கிழங்கு விலக்கப்படுவதற்கு ஒரே உடலில் எண்ணிலா உயிர்கள் உறைகின்றன என்பது காரணம். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் முள்ளங்கியையும் பச்சை இஞ்சியையும் சிறுபயன், பெருங்கேடு உடையவற்றுள் வைத்தார். அதனை மண்வளப் பாதுகாப்புச் சட்டமாகக் காட்டுவார் சிலர், அது மிகைக்கூற்று. அவர் எண்ணியது உயிர்க்கொலையை. எனினும் மண்ணையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களையும் பேசும் மரபினர்க்கு இச்செய்தி அயலானதன்று. நாம் விலக்காத நிலக்கடலையும் பிடுங்கும்போது மண்ணை இழுத்தே வருகிறது; வந்தவாசி, ஆரணிப் பக்கத்து நம் உழவர்கள் அதை அறிவர்.

செய்யத்தக்கவை எளியன. நிலம் சற்றுக் காய்ந்தபின் தோண்டுதல், கிழங்கை வரப்பில் உலர்த்தி உதறுதல், கழுவிய நீரைத் தொட்டியில் தெளியவிட்டு அடிமண்ணை வயலுக்கே மீட்டல். ஆயின் கேரட் பளபளவெனக் கழுவப்பட்டிருந்தால்தான் மண்டியில் நல்ல விலை கிடைக்கிறது. உலர்த்த ஒருநாள் காத்திருந்தால் லாரி போய்விடுகிறது. கழுவிய செந்நீர் சாக்கடையில் ஓடுகிறது.