மங்கிப்போன முன்விளக்குகள்: ஒரு சிறு வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதுவோர் போர்க்கப்பல்களையும் எண்ணெய்க் குதங்களையும் பற்றியே எழுதுவது வழக்கம். நான் இங்கே எழுத முனைவது அந்நகரின் தெருக்களில் ஓடும் கார்களின் முன்விளக்குகளைப் பற்றி. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அக்காலத்தில் இரவில் தெரியும் வெளிச்சமே ஆபத்தாகக் கருதப்பட்டது. பிரித்தானியாவில் 1939 முதலே வாகன முன்விளக்குகளுக்கு மூடியிட்டு, கீழ்நோக்கி ஒரு கீற்றொளி மட்டுமே விட வேண்டுமென்ற கட்டுப்பாடு இருந்தது. பின்னர் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் வேறொரு கட்டாயம் வந்தது. இரவில் சோதனைச் சாவடியை நெருங்கும் சாரதி முன்விளக்கைத் தணித்து, வண்டியின் உள்விளக்கை எரியவிட வேண்டும். அதை மறந்தவரின் நிலை என்னவாகும் என்பதை அந்த ஆண்டுகளில் கிழக்கில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்று எவரும் விளக்கைத் தணிக்கச் சொல்வதில்லை. ஆனால் விளக்குகள் தாமாகவே மங்குகின்றன.

ஒரு காலத்தில் நம் ஊர்களில் ஓடிய மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40 போன்ற கார்களின் முன்விளக்குகள் கண்ணாடியால் ஆனவை. அவை உடையும், மஞ்சளாகா. 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் பாக்ஸும் தனித்தனியே பாலிகார்பனேட் என்னும் நெகிழியைக் கண்டறிந்தனர். எடை குறைவு, எளிதில் நொறுங்காது, விரும்பிய வடிவில் வார்க்கலாம். அமெரிக்கா 1983இல் விதிகளைத் தளர்த்தியதும் அது முன்விளக்குகளில் இடம்பிடித்தது. காலப்போக்கில் கண்ணாடி அரிதாயிற்று.

பாலிகார்பனேட்டின் குறை, அதன் மேற்பரப்பு மென்மையானது என்பதே. தொழிற்சாலையில் பூசப்படும் மெல்லிய காப்புப்பூச்சுத்தான் அதைக் காக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர்கள் அப்பூச்சை அரித்துவிட்டால் மேற்பரப்பு மஞ்சளாகி நுண்வெடிப்புகள் தோன்றும். கடலோரத்து மணலும் துடைக்கும் துணியும் கீறல்களைச் சேர்க்கும்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய ஜப்பானியக் கார்களே மேலும் பழையனவாகி ஓடின. விளக்கைப் புதிதாக மாற்றுவது பலருக்கு இயலாததாயிற்று. மெருகிடுவதே எஞ்சிய வழி.

வீட்டிலேயே செய்யலாம். விளக்கைச் சவர்க்கார நீரால் கழுவி, சுற்றியுள்ள வர்ணப்பகுதியை ஒட்டுநாடாவால் மறைக்க வேண்டும். பின்னர் 'வாட்டர் பேப்பர்' எனப்படும் தாளை நீரில் நனைத்து, நீரை ஊற்றியபடியே தேய்க்க வேண்டும்: முதலில் 800 அல்லது 1000, அடுத்து 2000, இறுதியில் 3000. ஒவ்வொரு தாளும் முந்தையதன் கீறலைப் போக்கும் வரை தேய்ப்பது அவசியம். இந்தக் கட்டத்தில் விளக்கு முன்னிலும் வெண்மையாய் மங்கித் தெரியும், அஞ்ச வேண்டாம். மெருகுப்பசை அதைத் தெளிவாக்கும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். தேய்க்கும்போது எஞ்சியிருந்த காப்புப்பூச்சும் போய்விடுகிறது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிபூச்சை உடனே பூசாவிடில் சில மாதங்களில் பழைய மஞ்சள் திரும்பும். பற்பசை வைத்தியமும் இப்படித்தான். அதிலுள்ள நுண்துகள் சற்றே மெருகிடும், காப்பு எதுவும் தராது. உட்புறம் ஈரம் படிந்த விளக்கை வெளியே தேய்த்துப் பயனில்லை. ஆழமாய் வெடித்ததை மாற்றத்தான் வேண்டும்.

இது அழகுக்கான வேலை மட்டுமன்று. அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கிய விளக்கு புதியதன் ஒளியில் 22 சதவீதமே தந்தது. சீரமைத்தபின் ஏறத்தாழ 70 சதவீதம் வரை மீண்டது. எஞ்சிய ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வது வேறு.

கந்தளாய் கடந்து ஹபரணை நோக்கிச் செல்லும் ஏ6 வீதியில், இரவில் யானைகள் குறுக்கே வரும். கரிய உடலில் ஒளி படிந்து தெரிவதற்குள் வண்டி நெருங்கிவிடுகிறது. அந்தச் சில விநாடிகளைத் தருவது மூன்று தாள்களும் ஒரு பிற்பகல் உழைப்புமே என்றால், அதைச் செய்துவிட்டுப் புறப்படுவதே நல்லது.