ஐந்து நட்சத்திரமும் பிக்கரிங் பையனும்

பிக்கரிங்னா டொராண்டோக்காரர்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டுதான். அணுமின் நிலையம், அப்புறம் 401 நெடுஞ்சாலை நெரிசல். கூடைப்பந்து யாருக்கும் தோணாது. ஆனா இங்கே பைன் ரிட்ஜ் பள்ளியில் ஆடின கோரி ஜோசஃப், 2011-லிருந்து 2025 வரை என்.பி.ஏ.-வில் 800 ஆட்டங்களுக்கு மேல ஆடியிருக்கார்.

கதைக்கு முன்னாடி கொஞ்சம் சிஸ்டம். அமெரிக்காவில் 16, 17 வயசுப் பையன்களுக்கு ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். மாதிரி நிறுவனங்கள் நட்சத்திரம் போடுவாங்க. அதிகபட்சம் ஐந்து. நம்மூர் ப்ளஸ் டூ கட்-ஆஃப் மாதிரின்னு வச்சுக்கங்க. கல்லூரிக் கோச்சுகள் அதைப் பார்த்துத்தான் பின்னாடி ஓடுவாங்க. பிறகு டிராஃப்ட். 30 அணிகளும் வரிசையா ஆளைத் தேர்ந்தெடுக்கிற நாள். பள்ளியிலிருந்து நேரா டிராஃப்டுக்கு வரக்கூடாது, 19 வயசாகணும் என்று 2006 டிராஃப்டிலிருந்து விதி. அதனால பெரிய நட்சத்திரப் பையன்கள் பலர் கல்லூரியில் இருப்பது ஒரே வருஷம். 17 வயசுல ஒட்டின ஸ்டிக்கர் 19-லயும் உரியாம இருக்கும்.

இதுல கனடாப் பையன்களுக்கு இன்னொரு தலைவலி. அப்போ நட்சத்திரம் போடுறவங்க எல்லை தாண்டி இங்கே வந்து பார்ப்பது அபூர்வம். பார்க்கணும்னா நாமதான் போகணும். ஜோசஃப் நெவாடாவிலிருந்த ஃபிண்ட்லே பிரெப் பள்ளிக்குப் போனார். பிராம்ப்டன் பையன் டிரிஸ்டன் தாம்சனும் அங்கேதான். 2010-ல் ரெண்டு பேரும் மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன், ரெண்டு பேரும் டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஒரே வருஷம் ஆடிட்டு 2011 டிராஃப்ட். தாம்சனை 4-வதா கிளீவ்லாண்ட் எடுத்தது. ஜோசஃபை 29-வதா சான் அன்டோனியோ எடுத்தது. சாம்பியன் மோதிரம் முதல்ல வந்தது 29-வது ஆளுக்குத்தான், 2014-ல்! தாம்சனுக்கு 2016-ல். (கோரியின் அண்ணன் டெவோவும் மினசோட்டா, ஓரிகன் என்று பெரிய கல்லூரிகளில் ஆடினவர். 2012 டிராஃப்டில் அவரை யாருமே கூப்பிடலை.)

அதே ஃபிண்ட்லேயிலிருந்து வந்த அந்தோணி பென்னட் 2013-ல் நம்பர் ஒன். அந்த இடத்துக்குப் போன முதல் கனடியர். பாவம், தோள்பட்டை அறுவை சிகிச்சையோடதான் தொழிலே ஆரம்பிச்சுது. நாலு வருஷத்தில் நாலு அணி, மொத்தம் 151 ஆட்டம். அவ்வளவுதான். 2015-16-ல் அவரும் ஜோசஃபும் ஒரே ராப்டர்ஸ் அணியில் இருந்தாங்க. 29-வது ஆள் 80 ஆட்டம் ஆடினார், முதல் ஆள் பெரும்பாலும் பெஞ்ச்.

அப்போ நட்சத்திரம் சும்மாவா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2014-ல் நம்பர் ஒன்னா போன ஆண்ட்ரூ விக்கின்ஸும் இந்தப் பக்கத்து வான் நகரத்துப் பையன்தான், 2022-ல் சாம்பியன். ஐந்து நட்சத்திரப் பையன் டிராஃப்டுக்குப் போற வாய்ப்பு மூணு நட்சத்திரப் பையனை விட ரொம்ப அதிகம். ஆனா ஐந்து நட்சத்திரம் கொஞ்சப் பேருக்குத்தான். மீதி பெருங்கூட்டம். அந்தக் கூட்டத்தில் நூத்துல ஒருத்தன் தேறினாலும் எண்ணிக்கை பெரிசாத்தான் தெரியும். அதிர்ச்சி வெற்றிகள் அடிக்கடி நடக்கிற மாதிரி நமக்குத் தோணுவது இந்தக் கணக்கினாலதான்.

2019 ராப்டர்ஸைப் பாருங்க. பிளே-ஆஃப் போகாத அணிகளுக்குக் கிடைக்கும் முதல் 14 இடங்களை 'லாட்டரி' என்பாங்க. 1985-ல் லாட்டரி வந்த பிறகு, அப்படித் தேர்வான ஒருத்தர்கூட இல்லாம கோப்பை வாங்கின முதல் அணி நம்மது. சியாகம் 27-வது. வான்வ்லீட்டை 2016-ல் யாரும் எடுக்கவே இல்லை. கவாய் லெனர்ட் 15-வது, ஒரே இடத்தில் தப்பிச்சார் :-)

பையன்கள் வீட்டை விட்டுப் போகணுங்கிற கட்டாயமும் இப்போ குறைஞ்சிருக்கு. கிச்சனர் பையன் ஜமால் மர்ரே ஒண்டாரியோவிலேயே, ஆரஞ்ச்வில்லில் படிச்சபடி ஐந்து நட்சத்திரம் வாங்கி, 2016-ல் 7-வதா போனார். 2023-ல் டென்வரோட சாம்பியன்.

ஃபிண்ட்லே பிரெப்பை 2019-ல் மூடிட்டாங்க.