வஜ்ஜிரம் போட்ட கிட்டார்

ஒடுகத்தூரில் ஒரு நண்பர் வீட்டில் பழைய பார்லர் கிட்டார் ஒன்று இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் வீடுகளின் முன்னறையில் உட்கார்ந்து வாசிப்பதற்காகச் செய்த சின்ன ரகம். 1833-ல் சாக்சனியிலிருந்து நியூயார்க் போய்க் கடை போட்ட சி.எஃப். மார்ட்டின் காலத்துக் கிட்டார்களும் இன்றைய கண்ணுக்குச் சின்னவைதான். போன மாதம் இதைப் பிரித்துப் பழுது பார்த்தபோது கூடவே இருந்தேன். எனக்கு மரத்தைவிடப் பசைதான் சுவாரசியமாகப் பட்டது.

அந்தக் காலத்தில் கிட்டார், வயலின் எல்லாவற்றையும் ஒட்டியது தோல் பசையால். நம்ம பழைய ஆசாரிகள் வஜ்ஜிரம் என்று சொல்வார்களே, அதேதான். கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்க வேண்டும். 60 டிகிரி போதும். கொதிக்க விட்டால் பிடிப்பு போய்விடும். ஆறினால் சட்டென்று இறுகும். மறுபடி சூடும் ஈரமும் காட்டினால் இளகிக் கொடுக்கும். தோலில் இருக்கும் கொலாஜன்தான் காய்ச்சும்போது ஜெலட்டின் ஆகிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் ஷாப்புகளில் தோலின் உள்பக்கம் சீவித் தள்ளுகிற ஜவ்வு இதற்கு மூலப்பொருள். ஒடுகத்தூர்க்காரருக்கு இதைவிடப் பக்கத்துச் சரக்கு வேறு என்ன வேண்டும்!

1959-ல் ஃபெவிகால் வந்தது. காய்ச்ச வேண்டாம், நாற்றம் கிடையாது, டப்பாவைத் திறந்தால் வேலை முடிந்தது. ஆசாரிகள் மாறியதில் தப்பு சொல்ல முடியாது. மேஜை நாற்காலியை யாரும் 100 வருஷம் கழித்துப் பிரிக்கப் போவதில்லை. கிட்டார் கதை வேறு. தந்தி இழுத்துக்கொண்டே இருப்பதால் கழுத்து மெல்ல மெல்ல முன்னால் சாயும். என்றைக்காவது கழற்றிச் சரியான கோணத்தில் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். அதற்கு ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும்.

வீணையிலும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். 24 மெட்டுகளையும் மெழுகில்தான் பதிக்கிறார்கள். சுருதி பிசகினால் மெழுகை எடுத்து மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம். செய்யும்போதே பழுது பார்க்கப் போகிறவனையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். (சாஃப்ட்வேர்காரன் கண்ணுக்கு இது உடனே படும்.)

நண்பர் வீட்டுக் கிட்டாரின் கழுத்தில் ஆவி காட்டியதும் கால் மணி நேரத்தில் கழன்று வந்துவிட்டது. உள்ளே மரம் புதுசு போல இருந்தது. பிரிட்ஜ்தான் படுத்திவிட்டது. முன்பு எப்போதோ யாரோ அதை எபாக்ஸி போட்டு ஒட்டியிருந்தார்கள். சூடு, ஈரம் எதற்கும் அசையவில்லை. கடைசியில் உளி வைத்துச் செதுக்க வேண்டியதாகி, மேல் பலகையிலிருந்தும் ஒரு சிராய் பெயர்ந்தது. அந்த இடத்தில் புது ஸ்ப்ரூஸ் துண்டு பதித்திருக்கிறது. பார்த்தால் தெரியும்.

பிரிட்ஜ் முதலில் பெயர்ந்ததே ஸ்டீல் தந்தியால் இருக்கலாம் என்பது என் ஊகம். இந்த ரகம் குடல் தந்திக்காகச் செய்தது. இன்றைய ஸ்டீல் தந்தி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். குடல் தந்திக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். இப்போது வஜ்ஜிரத்திலேயே ஒட்டி, நைலான் தந்தி கட்டியாகிவிட்டது. சத்தம் கம்மிதான், ஆனால் அந்த முன்னறைக்கு அது போதும்.