டார்வினில் பிறந்த சட்டம்

தீரா நோயால் வருந்துவோர், தம் விருப்பின்படி, வைத்தியர் துணையுடன் உயிர்நீக்க உரிமையுடையரோ? உடையர் என விடையிறுத்து, உலகில் முதன்முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவுஸ்திரேலியாவின் வடபிரதேசத்திற்குரியது. முதலமைச்சர் மார்ஷல் பெரோன் கொணர்ந்த சட்டமூலம் 1995 மே மாதத்தில், டார்வின் நகரிலே, பத்துக்கெதிராகப் பதினைந்து வாக்குகளால் நிறைவேறியது. 1996 யூலை 1ஆம் நாள் அமுலுக்கு வந்தது.

நோயாளி தாமே வேண்டுதல், மனநோய் வைத்தியரின் பரிசோதனை, ஏழு நாட் காத்திருப்பு எனக் காவல்கள் பல அதில் இருந்தன. நால்வர் அதன்வழி துயர்நீங்கினர்.

ஆனால், 1997 மார்ச்சில் மத்திய பாராளுமன்றம் அதனைச் செயலிழக்கச் செய்தது. செனற் சபையில் ஆதரித்தோர் 38, எதிர்த்தோர் 33. ஐந்தே வாக்குகள்! அவ்வாறு பறிக்கப்பட்ட சட்டமியற்றும் அதிகாரம் 2022 டிசெம்பரிலேதான் மீண்டது. அக் கால் நூற்றாண்டும் நோய் எவருக்காகவும் காத்திருக்கவில்லை.

வறியவரும் முதியவரும் சாவுக்கு நெருக்கப்படுவர் என அஞ்சுவோரை நாம் இகழோம், அவ்வச்சம் நியாயமானதே. ஆயின் அதற்கு மருந்து கண்டிப்பான காவல்களேயன்றித் தடையன்று. 2017 முதல் 2022 வரை அவுஸ்திரேலியாவின் ஆறு மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை நிறைவேற்றின. ஏனைய நாடுகளின் மக்கட் பிரதிநிதிகளும் நோய்ப்படுக்கையின் குரலைக் கேட்டபின் வாக்களிப்பார்களாக!